குறுக்கே வைத்த பலகை

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, புதுச்சத்திரத்துக்கு மேற்கே இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரபாகரின் கோழிப்பண்ணையில், முட்டை அறையின் தேநீர் இடைவேளையின்போது, வேலைக்குச் சேர்ந்து பதினொரு நாளே ஆன சண்முகப்பிரியா தன் கைப்பேசியில் இருநூற்றுப் பன்னிரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாள். அதே அறையில் பத்தொன்பது ஆண்டுகளாக முட்டை அட்டை அடுக்கிவந்த மலர்விழியால் அதே விளையாட்டில் அன்றுவரை நாற்பத்தொன்றைத் தாண்ட முடியவில்லை.

விளையாட்டு மிக எளியது. திரையின் நடுவே உருண்டைக் கல் ஒன்று. அதன்மேல் ஆடிக்கொண்டிருக்கும் நீளமான அடிப்பலகை. மேலிருந்து ஒவ்வொன்றாகப் பலகைகள் இறங்கும். கைப்பேசியை இப்படியும் அப்படியும் சாய்த்து, அவற்றைச் சரியான இடத்தில் ஏந்திக்கொள்ள வேண்டும். சில பலகைகள் குறுக்கே திரும்பி இறங்கும். திரையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் நேராகிவிடும்; நேராக இருப்பதைத் தட்டினால் குறுக்கே திரும்பிவிடும். முப்பது பலகைக்கு மேல் போனால் காற்று வீசத் தொடங்கும். அவ்வளவுதான். இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று தோன்றும். அந்தத் தோற்றந்தான் மனிதரைப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறது. அடுக்கு இடப்பக்கம் சாயும்போது ஆடுபவரின் தோள் வலப்பக்கம் சாயும், மூச்சு நிற்கும், கல் உருண்டு எல்லாம் சரிந்த மறுநொடியே, இந்த முறை விட்டது அந்த ஒரே ஒரு பலகையால்தான், அதைச் சரியாக வைத்திருந்தால் நூறு வந்திருக்கும் என்று உறுதியாகத் தோன்றும். மறுபடியும் தொடங்கினால் முப்பத்தெட்டில் விழும்.

அதை அந்த அறைக்குக் கொண்டுவந்தவள் அனிதா. அவளுடைய மகள் பள்ளி விடுமுறையில் ஏற்றிக் கொடுத்தது. அனிதா இருபதைத் தாண்டியதில்லை, தாண்ட வேண்டுமென்று கவலைப்பட்டதும் இல்லை. பதினொரு ஆண்டுகளாக மலர்விழியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள். மலர்விழியின் டப்பாவில் என்ன குழம்பு என்று மூடியைத் திறக்காமலே சொல்லுவாள். அப்படிப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை, தேநீர் ஆறுவதுகூடத் தெரியாமல், சண்முகப்பிரியாவின் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றாள். நூற்றைம்பது வந்தபோது அறைப் பொறுப்பாளர் ஃபாத்திமாவும் எழுந்துவந்தார். இருநூறு வந்தபோது பிரபாகரே வாசலில் நின்றார்.

பிரபாகரும் அந்த விளையாட்டை ஆடுகிறவர்தாம் என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தமக்கு எழுபதுக்கு மேல் வரவில்லை என்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டார். பிறகு சிரித்தபடியே, "இருநூறு அடுக்குற கை. இதுங்கிட்டயே ரூமைக் குடுத்தறலாம் போலிருக்குதுங்களே," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மலர்விழியும் சிரித்தாள், ஆனால் அந்த வாக்கியம் அவளுக்குள் இறங்கி நின்றுவிட்டது. ஃபாத்திமா ஜூலை மாதக் கடைசியில் வேலையைவிட்டு நின்றுவிடப் போகிறார். அவருடைய கணவர் மார்ட்டின் பணி ஓய்வு பெற்றுவிட்டதால், குடும்பத்தோடு சேலத்துக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. அடுத்த பொறுப்பு மலர்விழிக்குத்தான் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லியதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருந்ததில்லை. நாளொன்றுக்கு நாற்பதாயிரம் முட்டை அந்த அறைக்குள் வந்து போகிறது. அவள் அடுக்கியதில் ஒரு முட்டைகூடக் கீறல் விட்டதாகப் பேச்சு வந்ததில்லை. ஃபாத்திமாவின் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலில் திரை ஒன்று போட வேண்டுமென்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மனத்துக்குள் முடிவு செய்திருந்தாள். துணியின் நிறத்தைக்கூடத் தேர்ந்துவைத்திருந்தாள்.

தனக்கு வந்திருப்பது பொறாமை என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. சண்முகப்பிரியாவின் நடை சரியில்லை என்று நினைத்தாள். பி.காம். படித்தவள் முட்டை அறைக்கு ஏன் வரவேண்டும் என்று கேட்டாள். கேட்டதும் அனிதாவிடந்தான். திருமணமாகிப் புதுச்சத்திரத்துக்கு வந்தவள், பக்கத்தில் கிடைத்த வேலையில் சேர்ந்திருக்கிறாள், இதில் என்ன தப்பு என்று அனிதா திருப்பிக் கேட்டாள். அந்தப் பெண் எல்லோரையும் அக்கா என்று அழைப்பதும், தேநீர்க் குவளைகளைத் தானே கழுவி வைப்பதும், எண் கூடக்கூட முகத்தில் பெருமை காட்டாமல் இருப்பதும் மலர்விழிக்குத் தாங்க முடியாதவையாக இருந்தன. கொஞ்சமாவது அலட்டிக்கொண்டால் வெறுப்பதற்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆகவே மலர்விழி பயிற்சியில் இறங்கினாள். காலைப் பேருந்தில் ஆடினாள். நிறுத்தம் தாண்டிப்போய் நாமக்கல் சாலையில் அரை மைல் திரும்பி நடந்தாள். உலை கொதிக்கும்போது ஆடினாள். ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது. முப்பத்தொன்பது. நாற்பது. முப்பத்தாறு. கைப்பேசியைக் கட்டிலின்மேல் எறிந்துவிட்டு, இனித் தொடுவதில்லை என்று வைராக்கியத்தோடு துணி துவைக்கப் போவாள். நுரைக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். நாற்பத்தொன்று என்ற எண்ணைக் கண்டாலே எரிச்சல் வந்தது. பேருந்தின் பக்கவாட்டில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தால் அடுத்த பேருந்துக்கு நிற்கலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனது.

ஐந்து வாரம் இப்படியே கழிந்தது. ஜூலை பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மதியம், அவளுடைய கணவன் வீரன் வீட்டில் இருந்தான். பாலக்காட்டுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவன். ஞாயிறு ஒருநாள்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியும். சாப்பிட்டுவிட்டு மனைவியின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவன், அவளுடைய ஆட்டத்தைப் பத்து நிமிடம் பார்த்தான். ஒரு கோழிகூட இத்தனை பாடுபட்டு முட்டை இடுவதில்லை என்று கேலி செய்தான். அவள் சீறினாள். பிறகு கேட்டான்.

"நேராத்தான எறங்குது. எதுக்கு ஒண்ணு உட்டு ஒண்ணைக் குறுக்கே திருப்பிட்டு இருக்கற?"

மலர்விழி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அது தட்டிக்கொண்டிருந்தது. அவள் சொல்லாமலே, ஒரு பலகை விட்டு ஒரு பலகையைத் தட்டிக் குறுக்கே திருப்பிக்கொண்டிருந்தது.

முட்டை அட்டை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். ஓர் அட்டையில் முப்பது முட்டை. ஓர் அட்டைமேல் அடுத்த அட்டையை வைக்கும்போது கால்வட்டம் திருப்பித்தான் வைக்க வேண்டும். அப்போதுதான் மேல் அட்டையின் மேடுகள் கீழ் அட்டையின் மேடுகள்மேல் குறுக்காக உட்கார்ந்து பாரத்தை ஏற்கும். திருப்பாமல் ஒரே வாக்கில் வைத்தால், மேல் அட்டை கீழ் அட்டைக்குள் இறங்கி, முட்டையின் தலையிலேயே உட்கார்ந்துவிடும். முட்டை அறைக்குள் நுழைகிறவருக்கு முதல்நாள் சொல்லப்படும் முதல் விதி இது. பத்தொன்பது ஆண்டுகள் அதைச் செய்த கை, பலகையையும் அட்டையாகவே பாவித்தது. குறுக்கே நின்ற பலகைகளின் இரு முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, முப்பதுக்கு மேல் வீசும் காற்று அவற்றைப் பிடித்துத் தள்ளியது. வேலை தெரியாத சண்முகப்பிரியாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

மலர்விழி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி ஒரு கந்தல் துணியால் கட்டிக்கொண்டாள். ஆட்காட்டி விரலால் தேவைப்படும்போது மட்டும் தட்டினாள். திருப்பாதே, திருப்பாதே என்று ஒவ்வொரு பலகைக்கும் வாய்க்குள் சொன்னாள். முதல் ஆட்டத்தில் எழுபத்து நான்கு. மாலை விளக்கேற்றும் நேரத்தில் நூற்று அறுபத்து மூன்று. வீரனிடம் காட்டினாள். அவன் அதற்குள் தூங்கியிருந்தான்.

மறுநாள் திங்கட்கிழமை, முட்டை அறைக்குள் நுழையும்போதே அவள் அனிதாவைத் தேடினாள். சண்முகப்பிரியா நான்காம் கோழி ஷெட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய மேசையில் முட்டை நிறைந்த அட்டைகள் சேர்ந்துகொண்டிருந்தன. மலர்விழி அவற்றை எடுத்துச் சுவரோரம் அடுக்கிக்கொண்டே, கட்டைவிரலை எப்படிக் கட்டிப்போட்டாள், காற்று வீசும்போது எப்படிப் பிடித்தாள், நூறு வந்தபோது நெஞ்சு எப்படி அடித்தது என்று அனிதாவிடம் சொன்னாள். அனிதா வெகுநாளுக்குப் பிறகு முழு முகத்தையும் அவள் பக்கம் திருப்பிக் கேட்டாள்; அவளுடைய கைகள் எதை அடுக்குகின்றன என்பதைக் கவனிக்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் பதினோர் அட்டை ஏறியது.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு அந்த அடுக்கு சரிந்தது. அடியிலிருந்த முட்டைகள் பாரம் தாங்காமல் நொறுங்கி, அட்டை நனைந்து, மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் பரவியது. ஃபாத்திமா வந்து குனிந்து பார்த்தார். பதினோர் அட்டையும் ஒரே வாக்கில் இருந்தன.

யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? இது முதல்வாரத்துப் பிழை. சரிந்ததும் சண்முகப்பிரியாவின் மேசைக்குப் பக்கத்தில். பிரபாகர் வந்து பார்த்தார். தான் வைத்தது என்று சொல்லிவிட வேண்டுமென்று மலர்விழி நினைத்துக்கொண்டே நின்றாள். அதற்குள் சண்முகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டு, "இனிப் பாத்து அடுக்கறேனுங்க," என்று சொல்லிவிட்டாள்.

அத்துடன் காரியம் முடிந்திருக்க வேண்டும். மலர்விழி விரும்பியது கேட்காமலே கைக்கு வந்துவிட்டது. ஆனால் நடந்தது வேறு. பிரபாகர் கோபப்படவில்லை, புதுப்பெண், பழகிக்கொள்ளும், பழியை ஏற்கும் மனம் எல்லோருக்கும் வராது என்று மெச்சினார். ஃபாத்திமா தம் துண்டை எடுத்துக்கொடுத்தார். அனிதா தரையில் மண்டியிட்டு அவளோடு சேர்ந்து துடைத்தாள். துடைத்துக்கொண்டே, தானும் முதல் மாதத்தில் மூன்று அட்டையைப் போட்டு உடைத்தவள்தான் என்று கதை சொல்லிச் சிரிக்க வைத்தாள். மலர்விழி தனியாக அடுத்த அடுக்கை ஏற்றினாள். ஒவ்வோர் அட்டையையும் திருப்பினாள். நூற்று அறுபத்து மூன்றைப் பற்றிய பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. உடைந்த முட்டையிலும் அந்தப் பெண்ணுக்குத்தான் நல்லபெயர் கிடைத்திருந்தது.

பத்து நாற்பது வரை பொறுத்தாள். தேநீர் வந்ததும், பிரபாகர் வாசலில் நிற்கும்போதே எழுந்து நின்றாள்.

"அந்த அடுக்கு நான் வெச்சதுங்க. என்ற கை திருப்பல. இந்த அம்மிணி அப்ப இங்க இல்லவே இல்லீங்க."

அனிதாதான் முதலில் குவளையைக் கீழே வைத்தாள். பத்தொன்பது வருஷமாச்சே மலரு என்று மட்டும் முணுமுணுத்தாள். பிரபாகர் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மெச்சவில்லை என்பதை மலர்விழி கவனித்தாள்.

குழாயடியில் குவளை கழுவும்போது சண்முகப்பிரியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியுமுங்க அக்கா. ஷெட்டுல இருந்து வாரப்பவே பாத்தேன். தெரிஞ்சுதான் அப்படி வெக்கறீங்கன்னு நெனச்சேன்."

"அப்பறம் எதுக்கு நீ ஒத்துக்கிட்ட?"

"நான்னா புதுசுன்னு உட்டுருவாங்க. நீங்கன்னா உடுவாங்களாங்க?"

மலர்விழி குழாயை மூடினாள். "முட்டை ஒடைச்ச பேரையும் நீயே வாங்கிக்கலாம்னு பாத்தியா அம்மிணி? அது ஒண்ணாச்சும் என்ற பேர்ல இருக்கட்டும்."

சண்முகப்பிரியா குவளையைத் துடைத்தாள். பிறகு, சும்மா கேட்பதுபோல, நூற்று அறுபத்து மூன்று வந்ததாமே, உண்மையா என்று கேட்டாள். மலர்விழி கைப்பேசியை எடுத்துக் காட்டினாள்.

"ஒரே நாள்லயாங்க?"

"மத்தியானம் சாப்ட்டு உக்காந்தேன். வெளக்கு வெக்கறதுக்குள்ள."

"எனக்கு இதுக்குப் பத்து நாள் ஆச்சுதுங்க," என்றாள் சண்முகப்பிரியா. சொல்லும்போது அவளுடைய உதடு ஒரு பக்கமாகச் சற்றே இறுகியது. அந்த இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்பது மலர்விழிக்கு மிக நன்றாகத் தெரியும். ஐந்து வாரமாக அதைத்தான் அவளும் தன் முகத்தில் சுமந்து திரிந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை, ஃபாத்திமாவுக்கு விடைகொடுத்த பிறகு பிரபாகர் முடிவுகளைத் தெரிவித்தார். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து முட்டை அறையின் பொறுப்பு சண்முகப்பிரியாவுக்கு. மலர்விழி அடுக்கும் வேலையிலேயே தொடர்வாள். அவளுடைய இடமும் மாறாது. வேலை நேரத்தில் எல்லோருடைய கைப்பேசிகளும் கதவருகே ஆணியில் மாட்டிய துணிப்பையில் இருக்க வேண்டும். பத்து நாற்பது முதல் பத்து ஐம்பத்தைந்து வரை எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டை யாரும் அழிக்க வேண்டியதில்லை. அன்றைய நிலவரப்படி சண்முகப்பிரியாவின் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. மலர்விழியின் எண் இருநூற்று நான்கு.