மழைக்காலத் தைலம்

டாக்டர் ராஜகுமாரின் தைலம் வேலை செய்கிறது என்று நிரூபிக்க வேண்டியது என் பொறுப்பு. குலசேகரம் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் புள்ளியியல் ஆள் நான். டாக்டர்கள் முதலில் முடிவைச் சொல்லிவிடுவார்கள். அதற்குத் தோதான கணக்கை நான் தேட வேண்டும். மவுஸைப் பிடித்துப் பிடித்து என் வலது மணிக்கட்டில் தீராத வலி.

ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கும் மணிக்கட்டு வலி உண்டு. டாக்டர் மே மாதம் அவர்களுடைய வலியை அளந்தார், தைலம் கொடுத்தார், ஜூலையில் மறுபடி அளந்தார். வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. தைலம் தடவாத ஒரு கூட்டத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லி நான் ஆரம்பத்திலேயே தொண்டை கிழியக் கத்தியிருந்தேன்.

"மருந்தக் கையில வச்சுக்கிட்டு குடுக்காம இருக்கது பாவம் இல்லியா, ஜெனிலா?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

முடிவுகளோடு அவர் வந்தபோது மறுபடி சொன்னேன். "சார், ஜூன்ல இருந்து நல்ல மழை. பால்வெட்டே நடக்கல்ல. கை சும்மா இருந்தா வலி குறையத்தானே செய்யும்?"

"மழ எல்லா வருசமுந்தான் பெய்யுது. தைலம் இந்த வருசந்தானே வந்திருக்கு?"



ஆராய்ச்சிக் கட்டுரைக்கு என் கையெழுத்து வேண்டும். என் ஒப்பந்தம் முடிவதும் அந்த மாதம்தான்; நீட்டிக்கச் சிபாரிசு செய்ய வேண்டியவரும் அவரேதான். பயமாக இருந்தது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். ஆனாலும் மழை செய்த வேலைக்குத் தைலத்தைப் பாராட்ட மனம் வரவில்லை. பால்வெட்டுகிறவர்களுக்கு நடுவில் வளர்ந்தவள், நாளைக்கு ஊரில் தலைகாட்ட வேண்டாமா? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

வழியனுப்பு விழா அமர்க்களம். நேந்திரங்காய் சிப்ஸ், டீ, சால்வை. கூடவே டாக்டர் தன் கையாலேயே ஒரு குப்பி தைலம் கொடுத்தார். "கை வலின்னு சொல்லுவியளே, தடவுங்க."

வீட்டில் சும்மா இருந்தேன். ஆத்திரம் ஆறவில்லை. இருந்தாலும் ஓசியில் வந்ததை விடுவானேன் என்று தடவினேன். அக்டோபரில் டாக்டரே போன் செய்தார்.

"வேல ஏதும் கெடச்சுதா?"

"இல்ல சார்."

"கை வலி?"

பொய் சொல்லியிருக்கலாம். தகவலைத் திரிக்கிற பழக்கம்தான் எனக்கு இல்லையே.

"சுத்தமா இல்ல சார்."

"பாத்தியளா!" என்றார் டாக்டர். "அப்ப உங்களயும் கணக்குல சேத்துக்கிடுகேன்."