மூடாத பால்குடம்

1

இந்தக் கதை ஒரு கணுக்காலில் பிறந்தது. போன ஆடியில், வைத்திக்குப்பத்தில், தலையில் பால்குடத்தோடு போன ஓர் அம்மாளின் வலது கால் பேண்டு செட் அடிக்குத் தானாகத் தாளம் போட்டது. முகமோ அந்தக் காலைத் திட்டிக்கொண்டிருந்தது. வீடு வந்து சேரும்வரை சிரித்தேன். அவளுக்கு அஞ்சலாட்சி என்று பெயர் வைத்தேன்.

[முதலில் எழுதிய வரி: 'அஞ்சலாட்சி பக்தி உள்ளவள், ஆனால்—' அடித்துவிட்டேன். அந்த 'ஆனால்' அநியாயம்.]

2

அவள் கணவர் உத்திராபதிக்கு வெள்ளிக்கிழமை இதய ஆபரேஷன். அதற்காகத்தான் பால்குடம். ஒரு சொட்டு சிந்தினாலும் வேண்டுதல் போச்சு என்று நம்பினாள். "சாமி முன்னாடி இன்னாத்துக்குக் குத்துப்பாட்டு? மேளம், நாயனம் போதும்" என்று விழாக்குழுவோடு மல்லுக்கட்டி ஜெயித்தும்விட்டாள்.

3

(ஐயோ. பால்குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டிவிடுவார்களே, பால் எப்படிச் சிந்தும்? கதை கவிழ்ந்தது என்று பேனாவை மூடினேன். அஞ்சலாட்சிதான் காப்பாற்றினாள்.)

தானும் குடம் எடுக்கும் பக்கத்து வீட்டுத் தனம், துணியோடு வந்தாள். அஞ்சலாட்சி தடுத்தாள்.

"மூடி எடுத்துகினு போறதுக்குப் பேரு வேண்டுதலா?"

"அம்மனே இவ்ளோ கெடுபிடி பண்ணாதுக்கா!"

4

ஊர்வலம் தெருமுனைக்கு வந்ததும், நாயனத்தை விழுங்கிக்கொண்டு வெடித்தது பேண்டு செட். தவளக்குப்பத்திலிருந்து அவர்களைத் திருட்டுத்தனமாக வரவழைத்தவர் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்: உத்திராபதி! ஆடக் கூடாதென்று டாக்டர் சொன்னதால் விரல்களை மட்டும் ஆடவிட்டிருந்தார்.

"யோவ்! உனக்காகத்தான்யா சுமந்துகினு வர்றேன்!"

"தெரியும்மே. அன்னிக்கு மாசிமகத்துல ஆடுனியே, அத இன்னொரு வாட்டி ஆடு. பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

கால் சம்மதித்துவிட்டது. கழுத்து சம்மதிக்கவில்லை. பால் விளிம்பைத் தொட்டுத் திரும்பியது.

5

முடிவு ஒன்று: ஆடாமல் கடந்தாள். உத்திராபதியின் விரல்கள் நின்றன. [இதை எழுதவே கை வரவில்லை.]

முடிவு இரண்டு: ஆடினாள், ஒரு சொட்டும் சிந்தவில்லை. [பாரத்தை அம்மன்மேல் போட்டுவிட்டு நான் நழுவுகிறேன்.]

முடிவு மூன்று: ஆடினாள், சிந்தியது. உடனே தனம் தன் குடத்துத் துணியை அவிழ்த்து, யாரையும் கேட்காமல், அஞ்சலாட்சியின் குடத்தில் தன் பாலை—

எனக்கு எது பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அம்மனுக்கு எது பிடிக்குமோ, தெரியாது. ஆனால் பேண்டு செட்டின் அடி ஏறுகிறது, நேரமில்லை. இந்தாருங்கள், குடத்தை உங்கள் தலையில் வைக்கிறேன். துணி கட்டவில்லை, ஜாக்கிரதை.

உத்திராபதி உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.