காலியிருந்தால் ஏறலாம்

இரண்டு ஊருக்கும் நடுவே விமானத்தில் முப்பத்தைந்து நிமிடம். ஏறி, பெல்ட்டை மாட்டி, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். சாலையில் போனால் மலையைச் சுற்றியே ஒரு பகல் போய்விடும், கிடைக்கும் ஒருநாள் லீவு அதற்கே சரியாகிவிடும். அந்த முப்பத்தைந்து நிமிடத்தைத் தாண்ட வழியில்லாமல் மூன்று மாதமாகப் புருஷன் முகத்தைப் பார்க்காமல் கிடந்தாள் அவள்.

இத்தனைக்கும் அவளுக்கு வேலையே விமான நிலையத்தில்தான். வாசலில் நின்று சீட்டைப் பார்த்து ஆட்களை விமானத்துக்கு அனுப்புகிறவள். அவன் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் விமான நிலையத்தில், இறங்குகிறவர்களைக் கட்டடத்துக்கு ஏற்றிவரும் பஸ்ஸை ஓட்டுகிறான். ஊழியர்களுக்கு டிக்கெட் இலவசம், ஆனால் கடைசியில் இடம் மிஞ்சினால்தான். எங்கே மிஞ்சுகிறது? இவளுக்கு லீவு விழும் நாளில்தான் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும்.

அன்று மிஞ்சியது. ஒரே ஓர் இடம். பதிவு செய்தவர் வந்து சேரவில்லை. வாசலில் நின்றது இவள் தோழி. "போய்ச் சேருடி" என்று சீட்டை நீட்டினாள். இவள் உடனே, இடம் கிடைத்துவிட்டது என்று அவனுக்குச் செய்தி அனுப்பினாள். படிக்கட்டின் கீழேயே பஸ்ஸோடு நிற்பதாகப் பதில் வந்தது.

கதவைச் சாத்த வேண்டியதுதான் பாக்கி. அப்போது தூரத்தில் காலடி கேட்டது. விமானத்தைப் பிடிக்க ஓடி வருகிறவன் காலடி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தோழி திரும்பவில்லை. வாயை மூடிக்கொண்டு நாலு எட்டு வைத்திருந்தால் போதும். மனசும் நடக்கத்தான் சொன்னது. வாய்தான் கேட்கவில்லை.

"கொஞ்சம் இருடி. ஆள் வராரு."

டை தோளில் கிடக்க, மூச்சிரைக்க வந்தார், அந்த இடத்தைப் பதிவு செய்தவர். நன்றியாவது சொன்னாரா என்றால் இல்லை. வாசலை இவ்வளவு தள்ளி வைத்ததற்கு அவளையே திட்டிவிட்டு உள்ளே போனார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. தோழி தலையில் அடித்துக்கொண்டாள். நானே பார்க்கவில்லையே, உனக்கென்ன வந்தது என்று கேட்டாள்.

"காதுல விழுந்துடுச்சே," என்றாள் இவள்.

அவனை அழைத்தாள். போன் அணைந்திருந்தது, பஸ்ஸில் உட்கார்ந்தால் அணைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்து, விமானம் மேலே போவதைப் பார்த்தாள். இப்போது கண்ணாடியில் பார்த்துத் தலை சீவியிருப்பான். இப்போது கதவைத் திறந்து வைத்திருப்பான். அழுகை வந்தது. மறைக்காமல் அழுதாள். விமான நிலையத்தில் அழுகிறவர்களை யாரும் ஏனென்று கேட்பதில்லை.

கடைசியில் அவனே கூப்பிட்டான். எல்லாரும் இறங்கிவிட்டார்கள், நீ எங்கே என்றான். நடந்ததைச் சொன்னாள்.

"அந்த ஆளு, டை தோள்மேல கிடந்துச்சா?"

"ஆமா."

"எனக்குப் பின்னாடி சீட்டுல தண்ணி பாட்டிலை வச்சு உனக்கு இடம் பிடிச்சிருந்தேன். அதையும் எடுத்துட்டு அவர்தான் உக்காந்தாரு."

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்தது. "நீங்க சும்மாவா இருந்தீங்க?"

"இது யாருக்குப்பான்னு கேட்டாரு. என் வீட்டுக்காரிக்கு, வந்துட்டே இருக்கா, அதுவரைக்கும் உக்காருங்க சார்னு சொன்னேன்."