இன்ஜின் பெட்டியில் கப்பல் பாடம்

எங்கள் மேனேஜர் ராஜசேகர் சார் கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை. மெரினாவில், சுண்டல் வாங்கப் போனபோது. ஆனால் கடற்படைக் கப்பலுக்கு விளக்குத் தாங்கி செய்யும் ஆர்டர் ஓசூரில் இருக்கும் எங்கள் சின்னக் கம்பெனிக்குக் கிடைத்ததும் மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கடற்படை ஆய்வாளர் வருகிறார், எல்லோருக்கும் கப்பல் பாஷை தெரிந்திருக்க வேண்டும் என்று கம்பெனி பஸ்ஸிலேயே வகுப்பு தொடங்கிவிட்டார்.

மத்திகிரியில் நான் ஏறும்போதே டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பார். முதுகு சாலைக்கு, முகம் எங்களுக்கு. கையில் இன்டர்நெட்டில் எடுத்த நாலு பக்கம்.

“போர்க்கப்பல்ல கார்வெட் சின்னது. ஃபிரிகேட் அதைவிடப் பெருசு. டிஸ்ட்ராயர் அதுக்கும் மேல. புரிஞ்சுதா?”

“டவுன் பஸ்ஸு, கிருஷ்ணகிரி பஸ்ஸு, மெட்ராஸ் பஸ்ஸு” என்றார் டிரைவர் கங்கப்பன், திரும்பாமலே.

“கடற்படைத் தளம்னா கப்பலுங்க வந்து நிக்கிற எடம்.”

“டிப்போ.”

“டிரை டாக்னா தண்ணிய வெளியேத்திட்டு கப்பலுக்கு அடியில வேலை பாக்கற எடம்.”

“டிப்போல பஸ்ஸுக்கு அடியில எறங்கறோமே, அந்தக் குழி.”

கங்கப்பன் உள்ளூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கிளீனரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். சாருக்கு மூன்றிலும் மரியாதை தரமாட்டார்.

“கப்பல்ல லெப்ட்டு, ரைட்டு கெடையாது. இடப்பக்கம் போர்ட், செவப்பு விளக்கு. வலப்பக்கம் ஸ்டார்போர்டு, பச்சை விளக்கு” என்று சார் இடது கையை நீட்டினார். எங்களைப் பார்த்து உட்கார்ந்தவரின் இடது கை டிரைவர் பக்கம் போனது. பஸ் மொத்தமும் டிரைவரைப் பார்த்து “போர்ட்!” என்று கத்தியது. நானும் கத்தினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை சார் சொன்னபடி தாங்கிகளுக்குச் சிவப்பும் பச்சையும் பெயின்ட் அடித்தார்கள்; அந்த நிறத்தைப் பார்த்துத்தான் கப்பலில் விளக்கை மாட்டுவார்கள். கப்பலின் இரண்டு பக்கச் சரிவுக்கும் ஏற்ற மாதிரி இரண்டு வடிவம், மொத்தம் இருபத்துநாலு ஜோடி. நான் செக்கிங்கில் இருக்கிறேன். வரைபடத்தில் கப்பலின் முன்பக்கத்தைக் காட்டும் அம்பு இருந்தது. அதை வைத்துப் பார்த்தால், வலப்பக்கத்துத் தாங்கிகள் எல்லாம் சிவப்பு.

சாரிடம் போய்ச் சொன்னேன். “முன்பக்கம் பாத்து நின்னா எது லெஃப்டோ அதுதான் சார் போர்ட். நாம திரும்பி உக்காந்தாலும் அது மாறாது. அதுக்குத்தான தனியா பேரே வெச்சிருக்காங்க?”

“நாலு பக்கம் படிச்சது நானா, நீயா? செக்கிங் தாள்ல கையெழுத்தப் போடு வினோதா. சனிக்கிழமை பர்மனன்ட் லிஸ்ட் போகுது. அதுல உன் பேரு இருக்கணுமா, வேணாமா?”

மூன்று வருடமாக ஆறு மாதத்துக்கு ஒரு கான்ட்ராக்ட், ஒரு புது அடையாள அட்டை, அதில் ஒரு புது அசட்டுப் போட்டோ. அந்த லிஸ்டுக்காகத்தான் தேனியிலிருந்து வந்து இந்தக் குளிரில் கிடக்கிறேன். ஆனால் இருட்டில் எதிரே வருகிற கப்பல்காரன் விளக்கின் நிறத்தைப் பார்த்துத்தான் இந்தக் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று முடிவு செய்வான். மாறியிருந்தால் நேராக வந்து மோதுவான். அதற்குக் கீழே என் கையெழுத்தா? பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் சீட்டுக்குப் போகாமல் முன்னாலேயே நின்றுகொண்டேன்.

“அண்ணா, நாங்க ஏர்ற கதவு பஸ்ஸுக்கு எந்தப் பக்கம்?”

“லெப்ட்டு. இதென்னம்மா கேள்வி?” என்றார் கங்கப்பன்.

“சார் திரும்பி உக்காந்திருக்காரே, அவருக்கு?”

கங்கப்பன் அந்த வாரத்திலேயே முதல் முறையாக சாரைத் திரும்பிப் பார்த்தார். “சாரு தலைகீழா தொங்குனாக்கூட கதவு லெப்ட்டுதாம்மா.”

பஸ்ஸே சிரித்தது. சார் தன் இடது கையைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

“வேகமா போங்க கங்கப்பன்” என்றார்.

பதினொரு மணிக்குள் எல்லாவற்றையும் சுரண்டி மாற்றி அடித்தோம். சாரும் சட்டைக் கையை மடித்துவிட்டு அடித்தார். மூக்கில் பச்சை. வந்த ஆய்வாளர் ஒரு தாங்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

“யார் செக் பண்ணது?”

சார் வாயைத் திறந்தார். தன் பெயரைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“இவங்கதான் சார். இன்னும் கையெழுத்துப் போடல. சரியா இருந்தாத்தான் போடுவாங்க” என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

ஆய்வாளரை நிற்க வைத்துவிட்டு இருபத்துநாலு ஜோடியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை போன லிஸ்டில் என் பெயர் இருந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினேன். சார் அதே இன்ஜின் பெட்டி மேல்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாக சாலையைப் பார்த்தபடி.

“போர்ட்னா எந்தப் பக்கம்?” என்று சாலையிடம் கேட்டு, இடது கையை நீட்டினார். கை கதவுப் பக்கம் போனது.