ஒரு முழம், நாலு விரல்

சூடு காட்டும் முள் நூற்றி ஐந்தைத் தொட்டதும் சாய்நாத் இன்ஜினை அணைத்தான். நாலு நிமிடம் இருபது விநாடி. போன ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிடம் முப்பத்தைந்து.

விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றது. மந்தைவெளி மரக்கிடங்கின் தகரக் கூரை அதிர்வதை நிறுத்தியது. தென்னை மரத்தோடு வாலைக் கட்டிப் போட்டிருந்த அந்தச் சிறிய இரண்டு இருக்கை விமானம் தன் எடையை மெல்லப் பின்னால் சாய்த்தது. இறக்கைகள் இன்னும் பூட்டப்படவில்லை. அவை சுவரோரம் துணி போர்த்திக் கிடந்தன.

"இன்னா சார், மறுபடியும் கொதிச்சுகிச்சா?" என்றார் ஷாஹுல் ஹமீது. மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியேட்டர் கடை வைத்திருப்பவர். கையில் தீயணைப்பான் உருளையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஆமா பாய்."

"என் ரேடியேட்டர் மேல சொல்லாத. ரெண்டாவது தபா புதுசா கட்டிக் குடுத்துக்கீறேன்."

"சொல்லல."

"சொல்ல மாட்ட. மூஞ்சில தெரியுது."

விபத்தில் நொறுங்கிய ஒரு ஜப்பானியப் பந்தயக் காரிலிருந்து பிரித்தெடுத்த இன்ஜின் அது. அதில் மேலும் கீழும் போகும் பிஸ்டன்கள் கிடையாது. முக்கோண வடிவில் ஓர் இரும்புத் துண்டு வயிற்றுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். எடை குறைவு, சக்தி அதிகம், சூடு அதைவிட அதிகம். ஒருமுறை உள்ளே தண்ணீர் கொதித்துவிட்டால் உடல் வளைந்துவிடும், பிறகு அந்த இன்ஜின் பழைய இரும்புக் கடைக்குத்தான். செங்கல்பட்டைத் தாண்டி இருந்த தனியார் ஓடுதளத்துக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். முழு வேகத்தில் பத்து நிமிடம், நூறு டிகிரிக்குள். அதை நேரில் பார்க்க மாதக் கடைசியில் ஆள் அனுப்புவார்கள். தேறாவிட்டால் அங்கே விமானம் நிறுத்தும் இடம் வரிசையில் அடுத்தவருக்கு.

எட்டு மாதமாகச் சாய்நாத் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தான். தண்ணீர் பம்ப்பை மாற்றினான். ஆயில் சூட்டைத் தணிக்கத் தனி ரேடியேட்டர் வைத்தான். குழாய்களில் காற்றுக்குமிழி சிக்கியிருக்குமோ என்று மூக்கை உயர்த்தி, வாலை உயர்த்தி, ஒரு சனிக்கிழமை முழுவதும் தண்ணீர் இறக்கி ஏற்றினான். ரேடியேட்டரைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார் ஷாஹுல் ஹமீது. "இந்த மூடியக் கழட்டிட்டு ஒரு தபா ஓட்டிப் பாத்தியா?"

மூடி என்று அவர் சொன்னது இன்ஜினைச் சுற்றி மூடியிருந்த ஃபைபர் கவுலிங்கை.

"நொச்சிக்குப்பத்துல மீன்புடி போட்டு இன்ஜின் எத்தினி பாத்துக்கீறேன். சூடாவுதுன்னா மொதல்ல மூடியத்தான் தூக்குவான். நீ இன்னாடான்னா அதுக்கு மட்டும் மெத்த போட்டு வெச்சுகினு கீற."

மெத்தை உண்மைதான். வேலைக்காகக் கவுலிங்கைக் கழற்றும்போது வைப்பதற்கு வீட்டிலிருந்த இரட்டைக் கட்டில் மெத்தையைச் சாய்நாத் இங்கே கொண்டுவந்து போட்டிருந்தான். வீட்டில் அவன் பாயில் படுத்தான்.

அவன் மனைவி ஹம்சினி போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஐந்து நாள் காய்ச்சல். அவள் தன் கையால் செய்த கவுலிங்கின் கடைசிப் பூச்சு காய்ந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அவர்கள் கவுலிங்கைக் கழற்றி மெத்தையில் வைத்தார்கள். இன்ஜினை ஓட்டினார்கள். ஐந்து நிமிடம். எட்டு. பத்து. முள் தொண்ணூறுக்கு மேல் ஏறவில்லை.

"பாத்தியா?" என்று கத்தினார் ஷாஹுல் ஹமீது, இன்ஜின் நின்ற பிறகும் குரலை இறக்க மறந்து. "என் ரேடியேட்டர் மேல தப்பு இல்ல!"

மூடி இல்லாமல் பறக்க முடியாது. சாய்நாத் அதைத் திரும்பப் பூட்டினான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கி வந்து, நீலம் கலந்த தண்ணீரை அதில் பாதி நிரப்பினான். ஒரு முனையை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தான், மறுமுனையைப் பின்னால். வளைவை இருக்கைக்குப் பக்கத்தில் கட்டினான். காற்று ரேடியேட்டருக்குள் புகுந்து ஓடினால் குழாயின் இரண்டு கைகளிலும் தண்ணீர் மட்டம் நன்றாக வித்தியாசப்பட வேண்டும். இன்ஜின் ஓடியபோது ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. முன்னால் எவ்வளவு அழுத்தமோ பின்னாலும் அவ்வளவு. காற்று உள்ளே வந்துவிட்டது, வெளியே போகத்தான் இடமில்லை.

கவுலிங்கின் அடிப்பக்கம், பின்விளிம்பில், காற்று வெளியேற ஒரு திறப்பு இருந்தது. ஒரு முழம் நீளம், நாலு விரல் உயரம். அது எட்டு விரல் இருக்க வேண்டும். இது அவனுக்குப் புதிய கண்டுபிடிப்பு இல்லை. மொட்டைமாடியில் ஹம்சினி அச்சின்மேல் ஃபைபர் துணியை விரித்துக்கொண்டிருந்தபோது அவனே சொன்னதுதான்: "திறப்பைச் சின்னதா விடு ஹம்சி. பத்தலைன்னா அப்புறம் வெட்டிக்கலாம். வெட்டறது சுலபம், ஒட்டறதுதான் கஷ்டம்." இந்த வேலை செய்கிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

எட்டு மாதம் அவன் இதை மறந்திருந்தான். மறந்திருந்ததாக வைத்துக்கொண்டான்.

---

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால், இரண்டாவது மாடியில், ஹம்சினியின் அம்மா சூடாமணி தனியாக இருந்தாள். அன்று சாயங்காலம் அவன் போனபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்கோ மாப்பிள்ளை. சாப்டேளா?"

"ஆச்சு மாமி."

"பொய். உக்காருங்கோ, தோசை வாக்கறேன்."

அவன் இரண்டு தோசை சாப்பிட்டதும் அவள் மறுபடி கீரைக்கு வந்தாள். அந்தக் கவுலிங்கில் அவளுக்கும் பங்கு உண்டு. ஈர ஃபைபர்மேல் ஒட்டி, காய்ந்த பிறகு உரித்தெடுக்க ஒரு தனித் துணி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஹம்சினிக்குப் பொறுமை இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு தி.நகர் போய், புடவைக்கு வைக்கிற பாலியெஸ்டர் லைனிங் துணி பதினெட்டு மீட்டர் எடுத்து வந்தாள். கடைக்காரர் எத்தனை பாவாடை தைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாராம். "ஏரோப்ளேனுக்கு" என்றாளாம் ஹம்சினி. ஞாயிறுதோறும் இன்ஜின் ஓட்டும்போது சூடாமணி ஆட்டோ பிடித்து வந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போகும்போது கவுலிங்கை ஒருமுறை தடவிவிட்டுப் போவாள். அன்று காலையில் மட்டும் வரவில்லை, முழங்கால் வலி.

"மாமி, அந்தக் கவுலிங்கை வெட்டணும்."

கீரைக் காம்பைக் கிள்ளிய விரல் நின்றது.

"முழுசாவா?"

"இல்ல. அடில. ஒரு முழம் நீளம், நாலு விரல் அகலம்."

"வெட்டாம முடியாதா?"

"எட்டு மாசம் பாத்துட்டேன்."

சூடாமணி கீரையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "வெட்டின துண்டை என்ன பண்ணுவேள்?"

அவன் அதை யோசித்திருக்கவில்லை.

"எனக்குத் தரேளா?"

"தரேன் மாமி."

---

அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு மூவரும் கிடங்கில் இருந்தார்கள். சாய்நாத் கவுலிங்கை மெத்தைமேல் கவிழ்த்து, டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டான். முகமூடி மாட்டிக்கொண்டான். கட்டிங் மெஷின் கத்தியது. வெள்ளைத் தூள் எழும்பி மெத்தை முழுவதும் படிந்தது. ஒரு துண்டு கழன்று விழுந்தது. அவன் அதை எடுத்துத் துடைத்து பெஞ்சின்மேல் வைத்தான். திறப்பின் முன்விளிம்பில், காற்றை இழுத்து வெளியே விட, அலுமினியத்தில் வளைத்த சிறு உதடு ஒன்றைத் திருகிப் பூட்டினான்.

ஓட்டினார்கள்.

ஆறு நிமிடத்தில் தொண்ணூற்றெட்டு. ஏழில் நூற்றி ஒன்று. எட்டு முடியும்போது நூற்றி ஐந்து. அணைத்தான்.

"கிட்ட வந்துட்ட சார்," என்றார் ஷாஹுல் ஹமீது. ஆனால் அவர் பெஞ்சில் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துத் தன் விரல்களை அதன்மேல் வைத்து அளந்தார்.

"இன்னா சார் இது? ரெண்டு வெரல்தான் கீது."

சூடாமணி காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். "நாலுன்னு சொன்னேளே மாப்பிள்ளை?"

அவன் கையுறையைக் கழற்றினான். திரும்ப மாட்டினான்.

"அதுக்கு மேல ஒரு மடிப்பு இருக்கு," என்றான்.

"என்ன மடிப்பு?"

கவுலிங்கைக் கழற்றிக் கவிழ்த்து உள்பக்கத்தைக் காட்டினான். லைனிங் துணியின் நெசவு உள்பக்கமெங்கும் சன்னமாகப் பதிந்திருந்தது. வெட்டிய விளிம்புக்கு ஒரு விரல் மேலே அந்த நெசவு சுருங்கி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வரப்பு மாதிரி எழும்பி நின்றது.

"துணி சுருங்கிடுத்து. பிரிச்சுட்டு மறுபடி போடுன்னேன். மாட்டேன்னா. உள்பக்கம்தானே சாய், எவன் எட்டிப் பாக்கப் போறான்னா. திட்டினேன். காரியத்துல சுத்தம் இல்லேன்னேன். ரெண்டு நாள் பேசிக்கல."

சூடாமணி குனிந்து அந்த வரப்பைப் பார்த்தாள். தொடவில்லை.

"அப்புறம் சமாதானம் ஆனேளா?"

"ஆனோம். அவதான் வந்து பேசினா."

"அவ எப்பவும் அப்படித்தான். என்னோட சண்டை போட்டாலும் ரெண்டு நாள்தான். மூணாம் நாள் பசிக்கறதும்பா."

ஷாஹுல் ஹமீது தீயணைப்பானைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றார்.

சாய்நாத் மடிப்பின்மேல் கட்டைவிரலை வைத்தான். கூராக இருந்தது. இதைக் காப்பாற்றுவதற்காகத்தான் ஒரு பம்ப், இரண்டு ரேடியேட்டர், எட்டு மாத ஞாயிறுகள். இன்று கோடு போடும்போதும் டேப்பை இரண்டு விரல் கீழே ஒட்டியது கைதான், அவன் கை. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தான். முள் கவனித்துவிட்டது.

"இது உள்ள இருந்தா ப்ளேன் பறக்காதா?" என்று கேட்டாள் சூடாமணி.

"ஓடுதளத்துக்கே போகாது."

"இங்கயே கிடக்கும்."

"ஆமா."

"மெத்தைல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் கேலி எதுவும் இல்லை. புடவைத் தலைப்பால் மெத்தையின் மேலிருந்த வெள்ளைத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள், அது போகாது என்று தெரிந்தும்.

"மாமி, அது தோலுக்கு ஆகாது. அரிக்கும்."

"தெரியும். அவளுக்கு மொட்டைமாடில தேங்காய் எண்ணெய் தடவி விட்டது யார்?" எழுந்து தன் நாற்காலிக்குப் போய்ப் பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டாள். "வெட்டுங்கோ. பசிக்கறது."

அவன் புதிதாக டேப் ஒட்டினான். இந்தமுறை நாலு விரலையும் அளந்து, இரண்டு முறை சரிபார்த்துக் கோடு போட்டான். மெஷின் மடிப்பைச் சுற்றிப் போனபோது சத்தம் மாறவில்லை. அவன் எதிர்பார்த்திருந்தான், மாறும் என்று. இரண்டாவது துண்டு கழன்று விழுந்தது. அலுமினிய உதட்டைப் புது விளிம்புக்கு ஏற்றினான்.

ஓட்டினான். நீலத் தண்ணீர் ஒரு கையில் ஏறி, மறு கையில் இறங்கி, நாலு விரல் வித்தியாசத்தில் நின்று நடுங்கியது. ஐந்து நிமிடம். எட்டு. முள் தொண்ணூற்று மூன்றுக்கும் தொண்ணூற்று நாலுக்கும் நடுவே அசையாமல் இருந்தது. பத்து. ஆயில் சூடும் இறங்கியிருந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஷாஹுல் ஹமீது கையை வெட்டுவதுபோல் காட்டி, போதும் நிறுத்து என்றார். சாய்நாத் இன்னும் மூன்று நிமிடம் ஓட்டினான்.

அணைத்ததும் அக்கம்பக்கத்துச் சத்தமெல்லாம் ஒன்றாக வந்தது. ரயில், ஓர் ஆட்டோ, எங்கேயோ குக்கர்.

"மாசக் கடசிக்குக் காத்துகினு இருக்க வேணாம், நாளைக்கே போன் போட்டு வரச் சொல்லு," என்றார் ஷாஹுல் ஹமீது. "ஆனா ஒண்ணு. ரேடியேட்டர் யார் கட்டினதுன்னு கேட்டா என் பேரு சொல்லணும்."

"சொல்றேன் பாய்."

பெஞ்சில் இரண்டு துண்டுகள் இருந்தன. சாய்நாத் இரண்டையும் ஈரத் துணியால் துடைத்து, ஓரங்களுக்குக் காகிதம் தேய்த்து, சூடாமணியிடம் நீட்டினான். ஒன்று வழுவழு. இன்னொன்றில் மடிப்பு.

அவள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழுவழுப்பானதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மற்றதை அவன் கையில் திரும்ப வைத்தாள்.

"வெட்டினதைத் தரேன்னுதானே சொன்னேன் மாமி."

"திட்டினது நீங்க. இது உங்களோடது."

அவன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஷாஹுல் ஹமீது ஆட்டோவுக்குக் கைகாட்டப் போனார்.

"பாய்," என்று கூப்பிட்டான் சாய்நாத். "ஆட்டோவ அப்படியே நிறுத்தி வைங்க. நானும் மாமி ஆத்துல போய்ச் சாப்பிடறேன். அப்புறம் இந்த மெத்தையைக் கொஞ்சம் வெளியில தூக்கிப் போடணும், ஒரு கை குடுங்க."