தண்ணீர்த்துறைக்குக் குரல் கொடுத்த ரயில்

பதினோரு வருஷமாக என்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டவன் வாண்டி. அத்தனை வருஷமும் நீராவிக் கைப்பிடி வேறு எவன் கையிலோ இருந்தது. இன்றைக்குத்தான் அது அவன் கைக்கு வந்திருக்கிறது, அதுவும் பரீட்சைக்காக. வண்டியைக் கடைசி ஸ்டேஷனான பெண்டெம்பு வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அவன் டிரைவர். அந்த மண்ணில் பிறந்த மெண்டே ஆட்களில் அந்தப் பாதைக்கு முதல் டிரைவர். மூன்று குற்றம் விழுந்தால் திரும்பவும் கரி அள்ளப் போக வேண்டியதுதான். குற்றம் குறிக்க நோட்டும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றார் பெல்லமி துரை.

இரண்டரை அடி அகலத் தண்டவாளம்தான், யார் இல்லை என்றது? கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள் பொம்மை ரயில் என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் ஊர்ப் பெரிய வண்டியை இந்த வளைவுகளில் பனங்கொட்டை மூட்டையோடு மலையேற்றச் சொல்லுங்கள் பார்ப்போம். முதல் திருப்பத்திலேயே ஆற்றில் படுத்துக்கொள்ளும். வாண்டிக்கு இதில் துளியும் சந்தேகம் கிடையாது.

இந்தப் பெருமையெல்லாம் ஃபோமாயா நிறுத்தம் வரைக்கும்தான். அங்கே தண்ணீர் இறைக்கும் பம்பு உடைந்து கிடந்தது. தொட்டிக்குள் பல்லி ஓடியது. என்ஜினில் இருந்த தண்ணீரோ மலையேறக் காணாது.

"பாலத்துக்குக் கீழ ஓடையில மொண்டு ஊத்துங்க," என்றார் துரை.

வாண்டி எட்டிப் பார்த்தான். பெண்கள் கறுப்பு சோப்புப் போட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடை முழுக்க நுரை.

"முடியாது துரை. அது சோப்புத் தண்ணி."

"எல்லாம் தண்ணிதான்."

"உலைச்சோறு பொங்குற மாதிரி பாய்லர் பொங்கும் துரை. அந்தத் தண்ணி நீராவியோட சிலிண்டருக்குள்ள போச்சுன்னா ஏத்தத்துல மூடி தெறிச்சிரும்."

துரை நோட்டைத் திறந்தார். "சொன்னதைச் செய்யல. குற்றம் ஒண்ணு. ஒரு மணி நேரம் தர்றேன். அதுக்குள்ள தண்ணி வரலன்னா வேற என்ஜினுக்குத் தந்தி. உன் பரீட்சையும் அதோட சரி."

மேலே பாறைகளுக்குப் பின்னால் நல்ல தண்ணீர்ச் சுனை இருந்தது. கரி போட வந்திருந்த லஹாய் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பினான். நாற்பது வயசு ஆள், மூன்று பெண்டாட்டிக்காரன். நாலு எட்டு வைத்தவன் அப்படியே திரும்பி வந்தான்.

"பொம்பளைங்க சபைக்குச் சொந்தமான எடம்ப்பா அது. உனக்கு டிரைவர் வேலை வேணுங்கிறதுக்காக நான் உருப்படாமப் போகணுமா?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சுனையில் ஆண் கால் பட்டதே இல்லை. வாண்டி தொப்பியைக் கழற்றினான். பெரியவர்களிடம் மரியாதைக்குக் கொடுக்கும் கோலாக்கொட்டைகளில் இரண்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு, சற்றுத் தள்ளியே நின்று குரல் கொடுத்தான். வரலாம் என்று பதில் வந்த பிறகுதான் ஓடைக்கு இறங்கினான். பெண்களுக்குத் தலைவி பைண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

கொட்டைகளை இரண்டு கையாலும் நீட்டினான். "அம்மா, வண்டிக்குத் தண்ணி வேணும். சுனைத் தண்ணி."

"பதினோரு வருஷமா எங்க துணி மேல கரியத் துப்பிட்டுப் போச்சு. இன்னிக்குத்தான் அதுக்குத் தாகம் எடுத்துச்சோ?" என்றாள் பைண்டு. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"தப்புதான்மா."

"கரி கெடக்குது, கழுவினாப் போயிரும். இப்ப நீ குரல் குடுத்துட்டுத்தானே வந்தே?"

"ஆமாம்மா."

"என் புருஷனும் அப்படித்தான் வருவான். இந்த நாட்டு ராசாவே வந்தாலும் குரல் குடுத்து, நாங்க வரலாம்னு சொன்னப்புறந்தான் வருவாரு. உன் வண்டி மட்டும் திமுதிமுன்னு பாலத்துல வந்து நிக்குது. நாங்க உடுத்தாம நிக்கிறோம், ஜன்னல்ல நூறு ஆம்பள மூஞ்சி. யாரு வளர்த்த வண்டி அது?"

வாண்டிக்கு முகம் சுட்டது. பதினோரு வருஷமும் அந்தப் பாலத்தில் தலையைக் குனிந்துகொண்டு கரி அள்ளியவன் அவன். விசில் கயிறு என் கையிலா இருக்கிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டவன். இன்றைக்கு அந்தச் சாக்குச் செல்லாது.

"அது வெள்ளைக்காரன் வண்டின்னு ஒதுங்கிக்கப் போறியா?"

"இல்லம்மா. என் வண்டி. இன்னியிலிருந்து குரல் குடுத்துட்டுத்தான் வரும்."

பைண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கொட்டையை வாங்கிக் கடித்தாள்.

நாற்பது பெண்கள், நாற்பது குடங்கள். பாறையிலிருந்து என்ஜின் வரை தலைமாற்றித் தலைமாற்றித் தண்ணீர் வந்தது. "குடிடா, நல்லாக் குடி," என்று ஒருத்தி என்ஜின் வயிற்றில் தட்டினாள். துரை கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாய் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது என்ஜின் தொட்டி தளும்பியது.

வண்டி கிளம்பியது. பாலத்துக்கு முன்னால் வாண்டி கயிற்றை இழுத்தான். நீளமாக ஒரு கூவல்.

"இங்க விசில் ஊதச் சொல்ற பலகை கெடையாதே. யாரைக் கேட்டு ஊதினே?"

"துறையில பொம்பளைங்க இருக்காங்க துரை. குரல் குடுக்காமப் போறது மரியாதை இல்ல."

"குற்றம் ரெண்டு," என்று எழுதினார் துரை. "இன்னும் ஒண்ணு விழுந்தா கரிதான்."

அப்புறம் ஏற்றம். லஹாய் கரி போட்டுக்கொண்டே இருந்தான். பாதி மலையில் சக்கரம் வழுக்கப் பார்த்தது. வாண்டி நீராவியைக் கொஞ்சம் குறைத்து, மணலைத் தூவிப் பிடித்துக்கொண்டான். புகைபோக்கி ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர்கூடத் துப்பவில்லை. உச்சியில் துரை பாய்லர் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். நுரையே இல்லை. வாண்டிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் வண்டி என்று வாய்விட்டே சொன்னான்.

பெண்டெம்பில் துரை நோட்டைத் திறந்து முதல் குற்றத்தை அடித்தார். "தண்ணி விஷயத்துல நீ சொன்னதுதான் சரி. ஆனா அந்த விசில் குற்றம் அப்படியேதான் இருக்கும், டிரைவர்."

"இருக்கட்டும் துரை. அதை நான் தெனமும் செய்வேன். இப்பவே எல்லா நாளுக்கும் சேர்த்து எழுதிக்குங்க."

துரை எழுதவில்லை.

மறுநாள் காலை திரும்பும்போது, பாலத்துக்கு வெகு முன்னாலேயே கயிற்றை இழுத்தான் வாண்டி. வண்டியை நடை வேகத்துக்குக் கொண்டுவந்து காத்திருந்தான். பயணிகள் என்னவோ ஏதோவென்று தலையை நீட்டினார்கள்.

"உள்ள இழுங்கய்யா தலையை," என்று அதட்டினான் லஹாய்.

கீழே துறையிலிருந்து, ஓடைச் சத்தத்துக்கு மேலே, பைண்டுவின் குரல் எழுந்தது.

"வரலாம்."

வாண்டி நீராவிக் கைப்பிடியைத் திறந்தான்.