என்னைவிடச் சின்ன அக்கா

என் அக்கா சுக்ரா என்னைவிட ஒரு வயது சின்னவள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் பள்ளிக்கூடக் கணக்கு அப்படித்தான் சொன்னது. பள்ளிக்கூடம் சொல்லிவிட்டால் அது அரசாங்கமே சொன்ன மாதிரி.

எல்லாம் எங்கள் அத்தா தஸ்தகீர் செய்த வேலை. ஃபேக்டரியில் பிரஸ் ஆபரேட்டர். சூப்பர்வைசரிடம்கூட நிமிர்ந்து நின்று பேசுகிற மனுஷன், வாத்தியார்களைக் கண்டால் மட்டும் பூனையாகிவிடுவார். "சரிங்க சார்" என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வராது. ஒரு ஜூன் மாதம் பள்ளியில் சேர்ப்பதற்காக அக்காவைச் சைக்கிளில் கூட்டிப்போனார். அவளுக்கு ஆறு வயது. எனக்கு நாலரை. வீட்டில் விட்டால் அம்மாவை வேலை செய்யவிடமாட்டேன் என்று என்னையும் சும்மா முன்பாரில் உட்காரவைத்துக்கொண்டார்.

பிறப்புச் சான்றிதழெல்லாம் அப்போது எங்கள் தெருவில் யாரிடமும் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வரவேண்டும், அவ்வளவுதான் சட்டம். அக்கா குட்டை, குண்டு. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தாள். விரல் உச்சந்தலையைத் தாண்டி இறங்கவே இல்லை. பக்கத்தில் நின்ற நான் விளையாட்டுக்கு என் கையைப் போட்டேன். எனக்கு முருங்கைக்காய்க் கை. காதைத் தொட்டதோடு விடாமல் பிடித்து இழுத்தும் காட்டினேன்.

"இந்தப் பாப்பாவைச் சேத்துக்கலாம். அந்தப் பாப்பாவை அடுத்த வருசம் கூட்டியாங்க" என்றார் தலைமை ஆசிரியர்.

"சரிங்க சார்" என்றார் அத்தா.

அடுத்த வருஷம் அக்கா சேர்ந்தபோது அவளுக்கு ஏழு. ஐந்து என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கும் அத்தா சரிங்க சார்தான். இப்படியாக, வீட்டில் ஒன்றரை வயது மூத்தவளாக இருந்தவள் பள்ளி கேட்டைத் தாண்டியதும் ஒரு வயது இளையவள் ஆனாள். அவளுடைய பழைய பாவாடையை நான் உடுத்தினேன். என்னுடைய பழைய புத்தகத்தை அவள் படித்தாள். குழம்பில் உப்பு கூடினாலும் சரி, மழை வந்து துணி நனைந்தாலும் சரி, அம்மா ஃபகருன்னிசா கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்.

"இவதான் பெரியவன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரல இல்ல உங்களுக்கு?"

அத்தா பீடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

அக்கா இதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் பள்ளிக்குப் போகும்போது கேட் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே என் கையை விட்டுவிட்டுத் தனியாக நடப்பாள். யாராவது "இவ யாரு, உன் அக்காவா?" என்று என்னைக் காட்டிக் கேட்டால், "தெரிஞ்ச பொண்ணு" என்பாள். எனக்குக் கோபமாக வரும். இப்போது நினைத்தால், பாவம், வேறு என்னதான் சொல்வாள் என்று தோன்றுகிறது.

எங்கள் பள்ளியில் சாரணர் இயக்கம் இருந்தது. பெண் பிள்ளைகளுக்குப் பத்து வயது வரை புல்புல், பத்து ஆனதும் கைட்ஸ். நாங்கள் இருவரும் ஒரே புல்புல் குழு. அதற்கு அக்காதான் தலைவி. முடிச்சு போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. குட்டை விரல்கள் கயிற்றுக்குள் புகுந்து வரும் வேகத்தைப் பார்த்தால் வாய் பிளந்து நிற்கத் தோன்றும். நான் போட்ட முடிச்சு, போட்ட கையை எடுப்பதற்குள் அவிழ்ந்துவிடும். பரீட்சைக்கு முன்னால் என் கயிற்றை அவளிடம் நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் அறிவிப்பு வந்தது. பத்து வயது ஆனவர்கள் சனிக்கிழமை கைட்ஸுக்கு மாறுகிறார்கள். மாறுகிறவர்களுக்கு அடுத்த மாதம் கிருஷ்ணகிரி அணைக்கட்டில் கேம்ப். கூடாரம் அடிக்க வேண்டும், கல் கூட்டித் தாங்களே சமைக்க வேண்டும். பெயர்களை வாசித்தார்கள். அதியா, அதாவது நான், இருந்தேன். சுக்ரா இல்லை.

கேம்ப் என்றால் அக்காவுக்கு உயிர். கூடாரக் கயிற்றுக்கு எந்த முடிச்சு, பாத்திரம் தொங்கவிட எந்த முடிச்சு என்று ஒரு வருஷமாக ஜன்னல் கம்பியில் கட்டிக் கட்டிப் பழகியிருந்தாள். இன்னும் ஒரு வருஷம் அவள் சின்னப் பிள்ளைகளோடு கைகோத்து வட்டம் சுற்றவேண்டும். நான், ஒரு முடிச்சும் வராத நான், அணைக்கட்டுக்குப் போகவேண்டும். அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. மாறுகிற பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் கைட்ஸ் பக்கம் ஒப்படைப்பது குழுத் தலைவியின் வேலை. அதாவது அக்கா என்னை ஒப்படைக்க வேண்டும்.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ஜன்னல் கம்பியில் இருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுருட்டி என் பையில் வைத்தாள். "உனக்குத்தான் வேணும்" என்றாள். அம்மா அத்தாவைப் பார்த்தாள். வழக்கமான வசனத்தைக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அத்தாவைக் குத்தியது என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை மைதானத்தில் கைட்ஸ் ஒரு பக்கம், புல்புல் ஒரு பக்கம். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கயிறு. இரண்டு பெரிய பெண்கள் அதன் முனைகளைப் பிடித்திருந்தார்கள். அதைத் தாண்டினால் கைட்ஸ். கைட்ஸ் கேப்டன் சரோஜம்மாள் டீச்சர் மடிப்புக் கலையாத புடவையில், கண்ணாடியோடு நின்றார். அவர் பார்த்தாலே எங்களுக்கெல்லாம் முதுகு தானாக நிமிரும்.

அப்போது கேட் வழியாக அத்தா வந்தார். பின்னால் அம்மா. அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள். எல்லோருக்கும் பின்னால் பால்காரர் ராமப்பன், கேனை இறக்கி வைக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். அத்தா சாட்சி கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன விஷயம்?" என்றார் சரோஜம்மாள் டீச்சர்.

அத்தா வாயைத் திறந்தார், மூடினார். ஜோதியம்மாளைப் பார்த்தார். ஜோதியம்மாளுக்குப் பேசச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

"இந்தச் சுக்ரா புள்ளைக்கு வயசு தப்பா எழுதிட்டாங்க டீச்சர். இது பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனது நானு. இப்ப பன்னெண்டு முடிஞ்சிபோச்சி."

ஒரு வயது கூடுதலாகச் சொன்னால் நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ராமப்பனுக்கு அதைவிட நல்ல மனசு.

"ஹௌதும்மா, ஹௌது" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டுத் தலையாட்டினார். "ஃபேக்டரிக்கு எங்க நெலத்த அளக்க வந்தாங்களே, அந்த வருசம் பொறந்தது. பதிமூணு. என் கறவை மாடு கன்னு போட்டதும் அப்பத்தான்."

சரோஜம்மாள் டீச்சர் குனிந்து அக்காவைப் பார்த்தார். என் தோள் உயரம்கூட இல்லாத அக்கா விறைப்பாக நின்றாள். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. புல்புல் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"இந்தப் பிள்ளைக்குப் பதிமூணு வயசா? விட்டால் கல்யாண வயசு என்பீர்கள் போலிருக்கே. பள்ளிக் கணக்கில் ஒன்பது. நான் அதைத்தான் பார்க்க முடியும். நீங்கள் போகலாம்."

அக்கா தரையைப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அத்தா இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். அடுத்து அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தப்புங்க மேடம்" என்றார் அத்தா.

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம். டீச்சரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இவங்க சொன்னதும் தப்புங்க. நீங்க சொன்னதும் தப்புங்க. பதினொண்ணுங்க. இவதான் பெரியவ, அதியா சின்னவ. அன்னிக்கு இவளுக்குக் காது எட்டலைங்க. எட்டலைன்னாலும் இவதான் பெரியவன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. இப்ப சொல்றேனுங்க." அவருடைய நெற்றியெல்லாம் வியர்வை. ஷிஃப்ட் முடிந்து வந்தபோதுகூட அப்படி வியர்த்துப் பார்த்ததில்லை.

டீச்சர் அக்காவிடம் ஒரு கயிற்றை நீட்டினார். "கூடாரம் கட்டும் முடிச்சு போடு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் போட்டாகிவிட்டது. டீச்சர் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அவர் அதைக் கையில் பிடித்தபடியே எங்கள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"பள்ளிக்கூடம் ஒன்பது என்கிறது. பால்காரர் பதிமூணு என்கிறார். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் எவ்வளவு வருகிறது?"

"பதினொண்ணு" என்று மைதானமே கத்தியது.

"கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. பள்ளிக் கணக்கைத் திருத்தத் தலைமை ஆசிரியரிடம் நான் பேசிக்கொள்கிறேன்." ராமப்பன் தன் பதிமூன்றால்தான் காரியம் நடந்தது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரைத் திருத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

நான் வழக்கம்போல முந்திக்கொண்டு கயிற்றின் முன்னால் போய் நின்றேன். பள்ளியில் எப்போதும் நான்தானே முன்னால். சரோஜம்மாள் டீச்சர் விரலை ஆட்டினார்.

"பெரியவள் முதலில்."

நான் நகர்ந்து நின்றேன். அக்கா பின்னால் நாலடி போய், ஓடிவந்து, அந்தக் குட்டைக் காலை வைத்துக்கொண்டு எப்படித்தான் எம்பினாளோ, கயிறு படாமல் அந்தப் பக்கம் விழுந்து எழுந்தாள். டீச்சர் சாரணியர் வழக்கப்படி இடது கையை நீட்டிக் குலுக்கினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பரவால்ல, வாய் வந்துருச்சி" என்று அத்தாவின் தோளில் ஒரு இடி இடித்தாள்.

அடுத்தது நான். கால் நீளமாயிற்றே என்று அலட்சியமாகத் தாண்டினேன். கயிறு கட்டைவிரலில் மாட்டி, கைட்ஸ் பக்கத்தில் குப்புற விழுந்தேன். பெரிய பெண்கள் சிரித்தார்கள். குட்டையான ஒரு கை என்னைத் தூக்கி நிறுத்தி, முழங்காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டது.

"யாரும்மா இது?" என்று கயிறு பிடித்திருந்த ஒரு பெண் கேட்டாள்.

"அதியா" என்றாள் அக்கா, என் கையை விடாமல். "என் தங்கச்சி."

அந்தப் பள்ளிக்கூட கேட்டுக்குள் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.